எங்கே நின்று எடுப்பது என்று சொன்னவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சூலூர், பல்லடம், அன்னூர், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் குடியில்லாமல் கிடக்கும் பழைய சாளைகளை, அதாவது தோட்டத்து வீடுகளை, படமெடுத்துச் சேர்க்கும் வேலை ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. படத்தில் உள்ள வீடுகள் பலவும் இன்று இல்லை. ஒன்று மனைப்பிரிவாகிவிட்டது, ஒன்று குடோன், இன்னொன்று இருந்த இடத்தில் சாலைக்கு ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். படங்களுக்குக் கீழே என் பெயரைத்தான் போடுகிறார்கள். ஆனால் பூட்டைத் திறந்துவிட்டவர்கள், முள்ளை வெட்டி வழி செய்தவர்கள், இது என்ன அது என்ன என்று கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர்கள் வேறு. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை.

முதல் நன்றி, பழைய மரமும் ஓடும் வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு. எந்த வீடு எப்போது பிரியப்போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். நிலைக்கதவுக்கு விலை பேசியாகிவிட்டால் வீட்டுக்கு நாள் குறித்தாயிற்று என்றுதான் அர்த்தம். “அம்மணி, வெள்ளிக்கெழம ஓடு எறக்கறோமுங்க, அதுக்குள்ள வந்துக்குங்க” என்று அவர்கள் போன் செய்யாவிட்டால் தொகுப்பில் பாதி இருந்திருக்காது. ஒருவர் ஓட்டைக் கவிழ்த்துத் துடைத்து அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். மங்களூர் பாசல் மிஷன் ஓடு, 1865 என்று போட்டிருந்தது. வீடு அவ்வளவு பழசா என்று நான் வாயைப் பிளப்பதற்குள், “அது கம்பெனி ஆரம்பிச்ச வருசமுங்க, ஓடு சுட்ட வருசம் இல்ல” என்று சொல்லிவிட்டார். வீட்டின் வயதைச் சொல்வது மேலே வேய்ந்த ஓடு அல்ல, சுவரும் ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டமான பனங்கையும்தான் என்றும் அவர்தான் சொல்லித் தந்தார். ஓடு எத்தனையோ முறை மாறியிருக்கும். பழைய வீடுகளை அழிக்கிறவர்கள் இவர்கள்தான் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. இவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வீடுகளில் அடுப்பு அணைந்துவிட்டது.

ஏன் அணைந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர் பல்லடம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நான் வீட்டு வாசலுக்கு நேராக முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தேன். “வூட்ட மட்டும் எடுத்தா என்னங்க தெரியும்? கெணத்து மேட்டுல வந்து நில்லுங்க” என்றார். போய் நின்றேன். கிணற்றின் கல்தூண்கள், எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்காக எருதுகள் இறங்கி ஏறிய வாரி, அதை ஒட்டி மாடு கட்டும் கட்டுத்தரை, அதற்கப்புறம் வீடு. எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்தன. கோழி கூப்பிடும் முன்பே கவலை பூட்ட வேண்டும் என்பதால்தான் ஊரை விட்டுத் தோட்டத்திலேயே குடியிருந்தார்கள். மாட்டையும் கிணற்றையும் விட்டு விலகி இருக்க முடியாது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து, அப்புறம் கிணறுகளுக்கு மோட்டாரும் வந்தபோது கவலை நின்றது. பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. திறந்த கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றின. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1972-ல் கோவைக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதில் தன் வண்டியும் நின்றது என்றார் பெரியவர். அச்சு முறிந்த அந்த வண்டி இன்னும் அவர் கட்டுத்தரையில் கிடக்கிறது. பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்கள். ஐயா, அந்த மேட்டில் நின்று எடுத்த படத்துக்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கிணற்றைத்தான் தேடுகிறேன்.

இன்னொருவருக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை. காங்கயம் பக்கம் ஒரு சாளைக்கு அதன் குடும்பத்தார் எங்களை அழைத்துப் போயிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பண்ணையத்தில் வேலை செய்த பாட்டி ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு இந்த வீடு தெரியுமா என்று கேட்டேன். கட்டுத்தரை ஓரத்தில் புதைந்திருந்த கல் ஒன்றைக் காட்டி, “இந்தக் கல்லு வரைக்குந்தானுங்க நாங்க வருவோம்” என்றார். கூலிச் சோளத்தை வள்ளம் என்னும் அளவுபடியில் அளந்து அங்கேதான் மடியில் கொட்டுவார்களாம். குடிக்கத் தண்ணீர் கேட்டால் மேலேயிருந்து கையில் ஊற்றுவார்களாம். கோபமாகச் சொல்லவில்லை, ஒளித்தும் சொல்லவில்லை. அந்த வீட்டு மருமகள் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, “உள்ள வாங்க ஆயா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஆசாரம் என்னும் கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் போன பாட்டி, தானியம் கொட்டி வைக்கும் மண் குதிர் முன்னால் நின்று கையை உயர்த்தி அதன் உயரத்தை அளந்து பார்த்தார். “இத்தாச்சோடா இருந்துச்சு! களத்துலருந்து செமந்து செமந்து கொண்டாந்து வாசல்ல போட்டமுங்க, எங்க போய்ச் சேருதுன்னு பாத்ததில்ல.”

அந்தக் கல்லருகே நின்று, அவர் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்த படம்தான் தொகுப்பின் முதல் படம். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் முகப்புத் தெரியாது, பின்சுவரும் மாட்டுக் காடியும்தான் தெரியும். பழைய வீட்டு அழகை மட்டும் காட்டி நிறுத்தியிருந்தால் அது பாதிப் படம். ஆயா, நீங்கள் அதைச் சொன்னதற்கு நன்றி. அந்தப் படத்தின் கீழே நடந்ததை நடந்தபடி எழுதச் சம்மதித்த அந்தக் குடும்பத்துக்கும் நன்றி. அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

பாகப்பிரிவினை வழக்கில் இருக்கும் வீட்டுக்கு ஆளுக்கொரு சாவியைத் தந்த அண்ணன் தம்பி இருவருக்கும் நன்றி. வழக்கு முடியாத வீடுகள்தான் இன்று முழுசாக நிற்கின்றன என்பதைப் பல ஊரில் பார்த்தேன். இருட்டு ஆசாரத்தில் வெளிச்சம் போதாமல் நான் திண்டாடியபோது, துவைத்து வைத்திருந்த எட்டு முழ வேட்டியை எடுத்துவந்து வாசல் வெயிலில் விரித்துப் பிடித்த அக்காவுக்கு நன்றி. அந்த வெளிச்சம் உள்ளே திரும்பி விழுந்ததில்தான் உத்தரத்தின் செதுக்கு வேலை தெரிந்தது. டேப் பிடித்து அறை அறையாக அளந்து வரைபடம் போட்டுத் தந்த கட்டடக்கலை மாணவர்கள், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணப் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தவர்கள், ஒறம்பரை, அதாவது விருந்தாளி, என்று இலை போட்டுச் சோறு போட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

படங்களைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, அங்கே வேலை செய்தவர்கள் குடும்பங்களுக்கும் அதே அளவில் ஒன்று, நேரில் கொண்டுவந்து தருகிறோம். வரைபடங்கள் வேண்டுமென்றால் அவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, மதுக்கரைப் பக்கமிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை போகும் மேற்குப் புறவழிச்சாலையை ஒட்டிய தோட்டங்களுக்குப் போகிறோம். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் சாளை எதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஓடு இறக்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அங்கே வேலை செய்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.