துகள்கள் அணுக்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோதலில் பொருள்கள் உடைவதைக் கணினியில் கணித்துக் காட்டும் முறையைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பெங்களூரில் பல ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவன் என்பதால், அதிலுள்ள ஒரு பிழையைச் சுட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திரையில் தெரியும் துகள்கள் அணுக்கள் என்றும், ஆகவே முடிவுகள் இயற்கையை அப்படியே காட்டுகின்றன என்றும் கட்டுரை கூறுகிறது. 1 மி.மீ. பக்கமுள்ள அலுமினியத் துகள் ஒன்றிலேயே ஏறத்தாழ 6 லட்சம் கோடி கோடி அணுக்கள் உள்ளன. இங்கே துகள் என்பது பொருளின் சிறு பங்கொன்றின் நிறையையும் வேகத்தையும் தகைவையும் (உள்ளே பரப்பின்மீது செயல்படும் விசையின் அளவையும்) சுமக்கும் கணக்குப் புள்ளிதான். 1977-இல் விண்மீன்களை ஆராய வகுக்கப்பட்ட, எஸ்.பி.எச். எனப்படும் இந்தத் துகள் முறை திடப்பொருள்களுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. வலைக்கண்ணிகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையில், மோதல் கடுமையானால் கண்ணிகள் நசுங்கிக் கணக்கே நின்றுவிடும்; துகள் முறையில் நசுங்குவதற்குக் கண்ணிகளே இல்லை.

துகள் முறையும் ஏமாற்றும். ஒருமுறை கண்ணாடித் தகட்டில் எஃகுக் குண்டு மோதுவதைக் கணித்தபோது, விரிசல் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. சந்தேகப்பட்டு, துகள் வரிசைகளைச் சற்றே சாய்த்து அடுக்கி மறுபடி ஓட்டினேன். விரிசலும் அதே அளவு சாய்ந்தது. நான் பார்த்தது கண்ணாடியின் விரிசலே அல்ல, என் அடுக்கின் விரிசல். துகள் இடைவெளியைப் பாதியாக்கிப் பார்ப்பது இன்னொரு சோதனை. அப்போது துகள்கள் 8 மடங்காகும். காலப்படியும் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளி) பாதியாவதால் வேலை 16 மடங்காகும். கெடு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அல்சூரில் பிள்ளையார் கோயில் முன்பு ஒரே கை, ஒரே வேகத்தில் சிதறுகாய் அடித்தாலும் இரண்டு காய்கள் ஒன்றுபோல் உடைவதில்லை. உள்ளே மறைந்துள்ள நுண்குறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே உடைவைத் தீர்மானிக்கிறது. கணினியில் அக்குறைகளை நிகழ்தகவு விதிப்படி நாமே தூவுகிறோம். வேறு விதமாகத் தூவினால் துண்டுகளின் வடிவமும் மாறும். ஆகவே ஒரேயொரு வண்ணப்படம், நடக்கக்கூடிய பலவற்றில் ஒன்று மட்டுமே.

தலைக்கவசத்தின் வலிமையை இத்தகைய படத்தைப் பார்த்து நம்பும் வாசகர்கள் இருக்கிறார்கள். எனவே இனி இவற்றை வெளியிடும்போது, எந்த உண்மைச் சோதனையோடு அந்தக் கணிப்பு ஒப்பிடப்பட்டது என்பதைப் படத்தின் கீழே ஒரு வரியில் தெரிவிக்குமாறும், ஒப்பிடப்படாவிட்டால் அதையும் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறியாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு