பெயர் தெரியாத ஆட்டோ அண்ணனுக்கும், டீக்கடை அக்காவுக்கும்

காசிமேட்டில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தெருக்களில் எக்ஸெல் வண்டியில் விற்கிறவன் நான். போன ஆடியில் ஒரு விடியற்காலை, ஐஸ் பெட்டியை இழுத்துக் கட்டும்போது ரப்பர் கயிற்றின் கொக்கி நழுவி, வந்த வேகத்தில் வலது கண்ணில் அடித்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு "தண்ணி, தண்ணி" என்று கத்தினேன். டீக்கடை அக்கா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "தேய்க்காதடா! தண்ணியும் ஊத்தக் கூடாது." ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்து, ஓரத்தை நெற்றியிலும் கன்னத்திலும் டேப் போட்டு ஒட்டினார். அவர் தம்பிக்குப் பட்டறையில் ஒருமுறை கண்ணில் அடிபட்டதில் கற்றுக்கொண்டதாம். அடிபட்ட கண்ணை அழுத்தாமல் வந்ததே நல்லது என்று பிறகு டாக்டரும் சொன்னார். அக்கா, உங்க பழைய டீ பாக்கியை மட்டும் இதில் கழித்துவிடாதீர்கள், அதைத் தனியாகத் தருகிறேன்.

ஆட்டோவில் போய்ச் சேர்ந்த எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது என்று அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். என் கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. அது வடியும்வரை தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும், பளு தூக்கக் கூடாது, சொட்டு மருந்து தவறக் கூடாது. ரத்தம் வடிந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. கண் பாப்பாவைச் சுற்றிப் பழுப்பாக இருக்கும் வட்டம், ஐரிஸ் என்கிறார்கள், ஒரு பக்கம் வேரோடு கழன்று தொங்கியது. பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கழன்ற இடம் இன்னொரு ஓட்டை. வெளிச்சம் இரண்டு வழியாகவும் உள்ளே போனால் என்ன ஆகும்? ஏலக்கூடத்து விளக்கு ஒவ்வொன்றும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. எதிரே வரும் லாரியும் அப்படித்தான். வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாது.

இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன். கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டார்கள், நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். முடியைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, கழன்ற ஓரத்தைக் கண்ணின் வெள்ளைச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். ஐரிஸ் தோல்போலத் தானாக ஒட்டிக்கொள்ளாதாம், அதனால் கரையாத அந்த நூல் கடைசிவரை உள்ளேயே இருக்கும். "கிழிஞ்ச வலையைத் தைக்கிற மாதிரிதானே டாக்டர்?" என்று கேட்டேன். "பேசாதீங்க, தலை ஆடுது" என்றார் டாக்டரம்மா. அவருக்கும், மூன்று நாளும் கட்டுப் பிரித்து மருந்து போட்ட சிஸ்டருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பாப்பா இன்னும் லேசாகக் கோணல்தான். வெயிலுக்குக் கூலிங்கிளாஸ் போடுகிறேன், வீதியில் கிண்டலும் கேட்கிறேன். ஆனால் விளக்கு ஒன்றாகத் தெரிகிறது. கண் அழுத்தம் பிற்பாடு ஏறலாம் என்பதால் வருஷாவருஷம் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த மாதங்களில் என் வாடிக்கை வீடுகளுக்கு மீன் கொண்டுபோய், காசை அப்படியே என் மனைவி கையில் கொடுத்த மச்சானுக்கு நன்றி என்று எழுதினால் சண்டைக்கு வருவான். எழுதிவிட்டேன்.

இனி அந்த ஆட்டோ அண்ணன். பழைய ஜெயில் ரோடு வழியாக, மேடு பள்ளம் வரும் இடத்தில் எல்லாம் வேகம் குறைத்து, "ஆடாம வாப்பா" என்று சொல்லிக்கொண்டே அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காசு வாங்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. ஆட்டோ பின்னால் 'கடல் தாய் துணை' என்று எழுதியிருந்ததாக மச்சான் சொல்கிறான். அண்ணே, எந்த ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி, டீக்கடையில் வந்து கேளுங்கள். வஞ்சிரம் எடுத்து வைத்திருப்பேன்.