கோச்சி ஏறியவளை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த சிறுகதையைப் பற்றி எழுதுகிறேன். தலவாக்கலை டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். கதை படிக்கும் மும்முரத்தில் ஒரு சட்டையின் கழுத்தைக் கோணலாக வெட்டிவிட்டேன். அந்த நட்டத்தை உங்களிடம் கேட்க மாட்டேன். ஆனால் நான் சொல்வதைப் போட வேண்டும்.

கதையில் வருகிற தோட்டத்துப் பிள்ளைக்கு ஏழு வயசில், குறி சொல்கிற கோடாங்கி உடுக்கை அடித்து, “இந்தப் புள்ள ரோதை முனிக்குத்தான்” என்று சொல்லிவிடுகிறான். காலம் முழுக்க முனிக்கு விளக்கு வைக்க வேண்டும் என்பது அவள் தலையெழுத்து. பத்தொன்பது வயசில் அவள் ஹட்டனில் கோச்சி, அதாவது ரயில் ஏறி கொழும்புக்கு ஓடுகிறாள். முனியும் டிக்கட் இல்லாமல் பின்னாலேயே வருகிறார். கொழும்பில் பாமசியில் வேலை செய்கிற என் மகளிடம் போனில் சொன்னேன். “அதுக்குப் பேரு அர்பன் ஃபேன்டசி அம்மா, டவுனுக்குள்ள சாமியும் பேயும் நடமாடுற கதை” என்றாள். சாமியும் பேயும் நடமாடுவது எங்களுக்குப் புதுசா? டவுன்தான் புதுசு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் வற்றிப்போன தோட்டங்களின் சாமிகளெல்லாம் கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமைகளாக மூட்டை சுமக்கிற இடம் இருக்கிறதே, அதை மூன்று தரம் படித்தேன். ஐந்துலாம்புச் சந்தியில், தேயிலைச் செடி வெட்டுகிறவர்களின் சாமியான கவ்வாத்துச் சாமி வெங்காய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “இங்க வெட்டுறதுக்கு ஒரு செடியும் இல்லையே” என்கிறாரே, சிரித்துக்கொண்டே வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு பிழை. ரோதை முனியைத் தேயிலை மலையில், மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார் எழுதியவர். மரத்தடிக்கு வேறு முனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். ரோதை முனி இஸ்டோருக்குள், தேயிலை அரைக்கிற தொழிற்சாலைக்குள், மெசினோடு இருக்கிற சாமி. அரைக்கிற சத்தத்துக்குள்தான் அவர் குடியிருப்பு. அதனால்தான் கொழும்பு இரைச்சலில் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எழுதியவருக்கு இது தோன்றாமல் போனது பெரிய நட்டம்.

என் கோபம் கடைசிப் பக்கத்தில். அந்தப் பிள்ளையின் உடம்பில் கண்டி நாயக்க ராசாக்களின் ரத்தம் ஓடுகிறதாம். அது தெரிந்ததும் மனம் மாறி, தோட்டத்துக்கே திரும்பி வந்து விளக்கைக் கையில் எடுக்கிறாள். எதற்கு ஐயா ராச ரத்தம்? கடைசி ராசாவையே 1815இல் பிடித்து, பிறகு வேலூருக்கு ஏற்றிவிட்டார்கள். அவருக்கே தப்ப வழி இருக்கவில்லை. எங்கள் முப்பாட்டிமார் கங்காணிக்குப் பட்ட கடனோடு மாத்தளைப் பாதையில் நடந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவளின் பேத்தி தப்பித்தால் கதையாகாதா?

எங்கள் விதியைக் கோடாங்கியா எழுதினான்? 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்துப் போட்டு, தோட்டத்துத் தமிழர்களான எங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். என் பெரியப்பா அந்தக் கணக்கில்தான் தலைமன்னாரில் கப்பலேறினார். பாட்டி சாகும்வரை அவரை மறுபடி பார்க்கவில்லை.

என் விதி செக்ரோலில், தோட்டத்து ஆட்களின் பேர் பதிகிற புத்தகத்தில் இருந்தது. 1989இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினேன். முடிவு வருமுன்னே அப்பா மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. அடுத்த வாரமே கங்காணி வந்து என் பேரைப் பதிந்துகொண்டு போனார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அனுப்பும்போது பாட்டிதான் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிவிட்டாள். “பேரு இல்லாட்டி காம்பராவக் கேப்பாங்க புள்ள” என்றாள். காம்பரா என்றால் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்த அறை. உங்கள் கதையில் வருகிற பாட்டி பேத்தியைக் கட்டிப்போட நினைக்கிற சூனியக்காரி. எங்கள் பாட்டிமாருக்குச் சூனியம் தெரிந்திருந்தால் முதலில் கூரைத் தகரத்தைத்தான் மாற்றியிருப்பார்கள்.

பதினோரு வருசம் கொழுந்தெடுத்தேன். பிறகு சீட்டுக்காசில் ஒரு பழைய சிங்கர் மெசின் வாங்கினேன். காம்பரா கையை விட்டுப் போகாமலிருக்க வீட்டுக்காரர் செக்ரோலில் தன் பேரை விடாமல் வைத்திருந்தார். இரத்தம், நட்சத்திரம், உடுக்கை ஒன்றும் உதவிக்கு வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மெசின் வாங்கிய அன்று ரோதை முனிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்தேன். இதற்கும் சக்கரம் இருக்கிறதல்லவா.

மகளிடம் முடிவைச் சொன்னதும், “ஏன் திரும்பிப் போனா? ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியிருப்பாளே” என்று கேட்டாள்.

எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை கொழும்பிலேயே இருக்கட்டும். முனி வேண்டுமானால் அவளைத் தேடி வரட்டும், செட்டியார் தெருவில் ஏதாவது ஒரு பட்டறையில் மெசின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் அவள் போய் ஒரு விளக்கு வைப்பாள்; கிடைக்காவிட்டால் மற்ற ஞாயிறு. அந்தக் கதையை எழுதித் தந்தால் இன்னொரு சட்டைக் கழுத்தையும் கோணலாக வெட்டத் தயார்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
தலவாக்கலை.