உப்பில்லாத ரொட்டியும் கறுப்புச் சேவலும்

அன்புள்ள கண்ணு,

இத்தாலியில் நீ இருக்கிற சியேனாவில் ரொட்டியில் உப்பே இல்லை, வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதியிருந்தாய். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று அந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடாதே. பக்கத்து பீசா நகரத்துக்காரர்கள் உப்புக்கு வரி போட்டதால் வந்த பழக்கம் என்பார்கள். அதைக் கதையாகவே வைத்துக்கொள். நாம் சோற்றில் உப்புப் போடாமல் குழம்பில் போடுகிறோமே, அதே கணக்குதான் அங்கே ரொட்டிக்கு. கூட வைத்துத் தின்கிற பன்றித்தொடையும் பெக்கோரினோ என்கிற ஆட்டுப்பால் சீஸும் நன்றாகவே கரிக்கும். ரொட்டியிலும் உப்பிருந்தால் வாய் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்கு ரிபொல்லீத்தா, அதாவது பீன்ஸும் ரொட்டியும் போட்ட கெட்டி சூப், செய்யப்போவதாகச் சொன்னாய். பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் அர்த்தம். அதனால் ஞாயிறு காலையில் ஆரம்பித்தால் அது வெறும் காய்கறி சூப். வெள்ளி இரவே கன்னெல்லீனி என்கிற வெள்ளை பீன்ஸ் 300 கிராம் ஊறவை. சனிக்கிழமை புதுத் தண்ணீரில், மூன்று விரல் மேலே நிற்கும்படி ஊற்றி, ஒரு பல் பூண்டும் நாலு சேஜ் என்கிற வாசனை இலையும் போட்டுச் சிறு தீயில் வேகவிடு. தளதளவென்று கொதித்தால் தோல் கழன்று, உள்ளே வேகாமல் நிற்கும். நசுக்கினால் மாவாகிற பதம் வந்ததும் பாதியை அதன் தண்ணீரோடு அரைத்துக்கொள், மீதி முழுசாகவே இருக்கட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதே, சூப்பின் உடம்பே அதுதான்.

அகலமான பாத்திரத்தில் ஐந்து மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, எல்லாம் பொடியாக. நிறம் மாறாமல் கால் மணி நேரம் வதக்கு. பிறகு இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு கரண்டி தக்காளி விழுது, சுருட்டை முட்டைக்கோஸ் கால் பங்கு, ஒரு கட்டு கவோலோ நேரோ. கடைசியாகச் சொன்னதுதான் ருசி. கரும்பச்சையாய், இலை முழுக்கச் சுருக்கம் விழுந்த கோஸ் வகை. பனி அடித்த பிறகு பறித்ததில்தான் இனிப்பு இருக்கும். நடுநரம்பை உருவி எறிந்துவிடு, எவ்வளவு வேகவைத்தாலும் நார்தான். அரைத்த பீன்ஸும் தண்ணீரும் ஊற்றி ஒரு மணி நேரம் விடு. முழு பீன்ஸைக் கடைசியில் சேர். தக்காளியை பீன்ஸ் வேகும்போதே போட்டுவிடாதே. துவரம்பருப்பு வேகும் முன் புளி ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

இனி ரொட்டி. புதன்கிழமையே வாங்கி வைத்துவிடு. 250 கிராம், மெல்லிய துண்டுகள். புது ரொட்டி போட்டால் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். காய்ந்தது சூப்பை உறிஞ்சியும் உருவம் தெரியும். ஒரு அடுக்கு ரொட்டி, ஒரு அடுக்கு சூப் என்று போட்டு மூடி, ஆறியதும் குளிர்பெட்டியில் வை. எல்லாரும் தப்புப் பண்ணுகிற இடம் இதுதான்: ரொட்டி போடும் முன் உப்பு சரியாக இருந்தால் மறுநாள் சப்பென்று இருக்கும். உப்பில்லாத ரொட்டி எல்லாவற்றையும் இழுத்துவிடும். கொஞ்சம் தூக்கலாகவே போடு. ஞாயிறு மதியம் தீயைக் குறைத்துச் சூடு பண்ணி, மரக்கரண்டியால் அடியைத் தொட்டு தொட்டுத் தூக்கிக் கிளறு, இல்லையென்றால் அடிபிடிக்கும். கரண்டியை நட்டால் நிற்க வேண்டும். தட்டில் போட்ட பிறகு புது எண்ணெய், பச்சையாக, தாராளமாக. நவம்பரில் பிழிந்ததென்றால் தொண்டையில் மிளகு மாதிரி உறைக்கும். அது கெட்ட எண்ணெய் இல்லை, நல்லதற்கு அடையாளம். சீஸ் துருவிப் போடாதே.

குடிக்க கியாந்தி கிளாசிகோ என்கிற சிவப்பு வைன் போதும். வெறும் 'கியாந்தி' வேறு, இது வேறு. 1716-இல் அந்தப் பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்துக் கொடுத்த, ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவிலுள்ள மேட்டு நிலத்தை அடியாகக் கொண்டது. பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறதா பார். குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே திராட்சை. வெள்ளைத் திராட்சை கலப்பது 2006 அறுவடையிலிருந்தே கிடையாது. தனியாகக் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். எண்ணெய் மிதக்கிற ரிபொல்லீத்தாவுக்கு நடுவே ஒரு வாய் குடித்தால் அந்தப் புளிப்புதான் வாயைக் கழுவிவிடும். ரிசெர்வா என்று கூடுதல் காலம் ஊறவைத்த வகையை வாங்கிக் காசை வீணாக்காதே, அது இறைச்சிக்கு. 16 முதல் 18 டிகிரியில் ஊற்று. அறை சூடாக இருந்தால் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடு, இல்லையென்றால் சாராய நெடிதான் முன்னால் வரும்.

பண்ணைகளில் கேனில் பிடித்துத் தருகிற வைன் மலிவு, மோசமும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே சின்னப் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடு. பாதி காலியான கேனில் காற்றுப் பட்டால் சில நாளில் காடிதான். அப்படி ஆனாலும் கொட்டாதே. கோடையில் மிஞ்சிய ரொட்டியை நனைத்து, ஒட்டப் பிழிந்து உதிர்த்து, தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தோடு பன்சனெல்லா என்கிற ரொட்டி சாலட் பிசையும்போது இரண்டு கரண்டி ஊற்றலாம்.

கடைசியில் பாதாம் பிஸ்கட் காந்துச்சியும் அதை முக்கித் தின்ன வின் சாந்தோ என்கிற இனிப்பு வைனும் வை. பாட்டிலில் 'லிகொரோசோ' என்றிருந்தால் எடுக்காதே, அது சாராயம் கலந்து தேற்றியது. பிஸ்கட் கல் மாதிரிதான் இருக்கும், விருந்தாளி யாராவது கடித்துப் பார்க்கும் முன் முக்கிக் காட்டிவிடு.

அன்புடன்,
அப்பா