ஸ்கேன் அறைக்குள் தமிழுக்கும் இடம் கொடுங்கள்

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ஸ்கேன் பிரிவுகளைப் பொறுப்பேற்று நடத்துவோருக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு 68 வயது. பள்ளிக் கேன்டீனில் இருபது ஆண்டு தோசை வார்த்தவர். போன ஆண்டு வலது தோள் பிடித்துக்கொண்டது. கொண்டை போடக் கை எட்டவில்லை. பேருந்தில் கைப்பிடியைப் பிடித்தால் கண்ணில் நீர் வந்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பார்க்க, ஒலியலையால் படம் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்கள்.

என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஆங்கிலத்தில் சொன்னது அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்றிருக்கிறார். கையைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னால் முன்னால் நீட்டியிருக்கிறார். குரல் உயர்ந்ததும் பயந்துபோய்த் தோளை இறுக்கிக்கொண்டார். நோயாளியால் கையைத் திருப்ப முடியவில்லை, முழுமையாகப் பார்க்க இயலவில்லை என்று அறிக்கை வந்தது. அம்மாவால் முடியும். என்ன செய்யச் சொன்னார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. கையைத் தொங்கவிட்டால், அதைத் தூக்க உதவும் தசைநாணின் பெரும்பகுதி தோள் எலும்பின் கூரைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்; ஒலியலை எலும்பைத் தாண்டிப் போகாது. உள்ளங்கையைப் பின்னிடுப்பில் வைத்தால்தான் அது முன்னால் வரும். கருவி கொஞ்சம் சாய்ந்தாலே நல்ல தசைநாணும் கிழிந்ததுபோல் கறுப்பாகத் தெரியும். அதனால் சாய்த்துச் சாய்த்து, "இங்கேயா வலிக்குது?" என்று கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அசையாமல் படுத்திருந்தால் எடுத்துவிடக்கூடிய படம் அல்ல இது. விரல் மரத்துப்போகிறவரின் மணிக்கட்டு நரம்பைப் பார்ப்பதும் அப்படித்தான். விரலை மடக்கி நீட்டினால் நரம்பு நகர்வது திரையிலேயே தெரியும். மடக்கச் சொன்னது முதலில் அவருக்குப் புரிய வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது, தற்செயலாகத் தமிழ் பேசும் தாதி ஒருவர் அறையில் இருந்தார். "இடுப்பு வலிச்சா பின்னாடி கையை ஊன்றி நிப்பீங்கல்ல, அப்படி வைங்கம்மா. முழங்கை பின்னால போகட்டும்" என்றாராம். அம்மா உடனே வைத்துவிட்டார். தசைநாணில் பாதிக் கிழிசல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. இடையில் போன மூன்று மாதமும் அம்மா வலது பக்கம் படுத்துத் தூங்கவே இல்லை.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. நாள் குறிக்கும்போதே எந்த மொழியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் என ஒவ்வொன்றுக்கும் கையை, காலை எப்படி வைப்பது என்ற படத்தோடு இரண்டு வரித் தமிழ் எழுதிய அட்டையைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு உண்டு; இதில் இல்லை. நோயாளி விரும்பினால் வீட்டார் ஒருவரை உள்ளே விடுவதில் என்ன தடை? கட்டுமானத் தளத்திலிருந்து மரத்துப்போன கையோடு வரும் ஊழியருக்கு உடன்வர யாருமே இருப்பதில்லை. அந்த அட்டை அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறு ஸ்கேன். நானும் வருகிறேன். என்னை உள்ளே விடுங்கள்.