இரண்டாவது பிள்ளை பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் விறாந்தையிலேயே இருந்தேன். "ஒன்றோடு நிறுத்தாதே பிள்ளை, எங்கள் சனம் குறைந்துகொண்டு போகிறது" என்றேன். யாரோ சொன்ன சொல்தான், என்றாலும் அதை உன்னிடம் கொண்டுவந்தது என் வாய். மன்னித்துவிடு.

கோயிலடியில் ஒரு பெரியவர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்துதான் உனக்கு எடுத்தேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. எங்கள் பெண்கள் மூன்று நான்கு பெறாவிட்டால் இதுவும் போய்விடும் என்றார். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆசனங்கள் வாக்காளர் இடாப்பில் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கிடப்படுகின்றன. அந்த இடாப்பை மெலிய வைத்தது போர். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், விமானம் ஏறியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து, லண்டனில் இரவு வேலை பார்க்கும் நீ பிள்ளை பெற்று ஈடுகட்ட வேண்டும் என்று நானும் நினைத்துவிட்டேனே.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கம். நான் மருத்துவிச்சி வேலையில் சேர்ந்த புதிது. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. கூலிக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் மூன்று பிள்ளைகளுடன் ஒருத்தி இருந்தாள், வயது இருபத்துநாலு. கடலுக்குப் போன மனுஷன் வரட்டும் என்றாள். "வந்து என்ன சொல்லப் போகிறார்? நாலாவதுக்கு எதைக் கொடுப்பாய்?" என்று கேட்டேன். இறால் உரித்துக்கொண்டிருந்த கை, மை பிடிக்கவில்லை. என் சேலைத் தலைப்பால் நானே அவள் பெருவிரலைத் துடைத்து, மைப்பெட்டியில் அழுத்தி, படிவத்தில் வைத்தேன்.

அதே மாதம் ஓர் ஆசிரியரின் மனைவிக்கும் மூன்றாவது பிறந்தது. அவரிடம் அந்தப் படிவத்தை நான் எடுத்துக்கூடக் காட்டவில்லை. என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தேன். கடற்கரை வீட்டில் நான் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய கடைக்குட்டி காய்ச்சலில் இறந்துபோனது. சந்தையில் என்னைக் கண்டவள் ஏசவில்லை. "கட்டியதை அவிழ்க்கலாமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தியாவில் அவசரகால நிலையின்போது ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள், நாங்கள் அப்படியில்லை என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகு சிங்கப்பூர்ச் செய்தி வந்தது. 1984இல் அங்கே பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதியில் முன்னுரிமை கொடுத்தார்கள். படிப்புக் குறைந்த ஏழைத் தாய் ஒன்றோ இரண்டோ பெற்றபின் கருத்தடை செய்துகொண்டால் 10,000 டொலர். பட்டதாரித் தாய்மாரே பலர் கொதித்தார்கள், அடுத்த வருடமே அந்த முன்னுரிமை கைவிடப்பட்டது. அதை வாசித்தபோது எனக்கு அந்த இரண்டு வீடுகளும்தான் கண்ணில் வந்தன. அவர்கள் சட்டமாக எழுதியதை நான் சைக்கிளில் போய்ச் செய்திருக்கிறேன்.

எங்கள் நாட்டிலும் பார். போர் முடிந்த பிறகு படையினரின் மூன்றாவது பிள்ளைக்கு ஒரு இலட்சம் ரூபாய் அறிவித்தார்கள். 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு பெண்கள், சுகாதார ஊழியர்கள் விளக்கமாகச் சொல்லாமலே கையில் கருத்தடைக் குச்சி ஏற்றிவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். எந்தப் பிள்ளை வேண்டும், எது வேண்டாம் என்று அரசு தரம்பிரிப்பது இதுதான். கோயிலடிப் பெரியவர் தரம்பிரிப்பதும் இதுதான், திசை மட்டும் வேறு. ஆசனம் போனதன் வலி எனக்கும் உண்டு. அதற்கு மருந்து ஒரு பெண்ணின் வயிற்றில் இல்லை.

கருத்தடை கூடாது என்று நான் சொல்லவில்லை. தானாகக் கேட்டு வந்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்று அருகிலிருந்து பார்த்தவள் நான். திரிபோஷா சத்துமா பாக்கெட் கொடுக்கும்போது யாருடைய பிள்ளை, எத்தனையாவது என்று நாங்கள் பார்த்ததில்லை. அந்த மாதிரி உதவியை அரசு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும்.

உங்கள் நாட்டில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான உதவித்தொகை இல்லை என்று சட்டம் இருந்த காலத்தில் அதை நீதான் எனக்குச் சொன்னாய். பலாத்காரத்தால் கருவுற்றவளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை அவள் தெரிவித்துப் படிவம் கொடுக்க வேண்டும் என்றாய். "ஒரு தாய் அந்தப் படிவத்தை எப்படி அம்மா நிரப்புவாள்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். எனக்கு அந்தப் பெருவிரல்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு பிள்ளை பற்றி இனி உன்னிடம் கேட்க மாட்டேன். இந்த ஞாயிறு எடு. பேத்தியின் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டதா என்று அவளிடமே கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா