பாஸ்பேட் போனது சரி, பாத்திரமும் போக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிஷ்வாஷர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் தண்ணீர் மிச்சம், நேரம் மிச்சம் எல்லாம் விவரமாக இருந்தது. உள்ளே போடும் தூளைப் பற்றி மட்டும் ஒரே வரி: பாஸ்பேட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாஸ்பேட் வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. அதில் உள்ள பாஸ்பரஸ் சாக்கடை வழியாக ஏரியில் சேர்ந்து பாசிக்கு உரமாகிறது. பாசி பெருகி, செத்து, அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் பல, 2010-இல் டிஷ்வாஷர் தூளில் பாஸ்பரஸ் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றன. ஐரோப்பிய ஒன்றியமும் 2017 ஜனவரி முதல், ஒரு தடவை போடும் அளவில் 0.3 கிராம் என்று வரம்பு வைத்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

ஆனால் அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? பாஸ்பேட் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது பல தூள்களில் சலவைச் சோடாதான் முக்கியச் சரக்கு. அது கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிரித்து எடுக்கிறது. அதைத் தடுக்கும் பொருள்கள் போதுமான அளவு சேர்க்கப்படாவிட்டால், அந்தச் சுண்ணாம்பு பாத்திரத்தின் மேல் வெள்ளையாகப் படிகிறது. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

படிவதைக்கூடத் துடைத்துவிடலாம். அலுமினியத்தின் கதை வேறு. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்; சலவைச் சோடா போன்ற காரம் அதைக் கரைத்துவிடும். ஹார்டு அனோடைஸ்டு பாத்திரத்தின் கறுப்புப் பூச்சும் அதே ஆக்சைடுதான், கொஞ்சம் தடிமனாக. என் வாணலியில் அந்தக் கறுப்பு விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. இப்போது விரலால் தேய்த்தால் சாம்பல் நிறப் பொடி ஒட்டுகிறது. இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த பாத்திரத்தில் இன்னும் மோசம்: விளிம்பில் தெரியும் அலுமினியம் மட்டும் அரித்துப் போய், மேலும் கீழும் எஃகு ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கின்றன. துடைக்கப் போனால் கையைக் கிழிக்கிறது.

பாஸ்பேட் இருந்த காலத்திலும் அலுமினியத்துக்கு இந்தத் தூள்கள் ஆகாதுதான். இது பாஸ்பேட் இல்லாத குற்றம் என்று நான் சொல்லவில்லை. காரம் செய்கிற வேலை. சிலிகேட் சேர்த்தால் உலோகத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. அதையெல்லாம் யோசித்துச் செய்த தூள் எது, வெறும் சோடாவை அடைத்த தூள் எது என்று டப்பாவைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முன்பக்கம் முழுக்க பச்சை இலை. அலுமினியத்துக்கு ஆகாது என்ற எச்சரிக்கை, இருந்தால், பின்பக்கம் பொடி எழுத்தில். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

தூள் தயாரித்த நிறுவனத்துக்குப் போன் செய்தால், உங்கள் தண்ணீர்தான் காரணம், தூளைக் கூட்டிப் போடுங்கள் என்கிறார்கள். எல்லாக் கோளாறுக்கும் இதே பதில் சரிவராது. கண்ணாடி மங்கலாக இருந்தால் ஓரிடத்தில் வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்பு. இயந்திரத்தில், தண்ணீரின் கடினத்தைக் குறைக்க உப்புப் போடும் அறையைக் கவனித்தால் குறையும். தெளியாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தூளைக் குறைக்க வேண்டும், சூட்டையும் குறைக்க வேண்டும். கூட்டிப் போட்டால் இன்னும் அரிக்கும். அரித்துப் போன கண்ணாடி பழையபடி ஆகாது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அலுமினியம், அனோடைஸ்டு, ஓரம் திறந்த அடுக்குப் பாத்திரம் ஆகியவற்றை உள்ளே வைக்காதீர்கள் என்று டப்பாவின் முன்பக்கமே பெரிய எழுத்தில் போடட்டும். பாத்திரம் செய்கிறவர்களும் ‘டிஷ்வாஷரில் போடலாம்’ என்று அச்சடிக்கும்போது, எந்த வகைத் தூளில் கழுவிப் பார்த்தார்கள் என்று சேர்த்துச் சொல்லட்டும். அடுத்த முறை நீங்கள் தூள்களை ஒப்பிட்டு எழுதும்போது, எது பளிச்சென்று கழுவுகிறது என்பதோடு ஓர் அலுமினியத் துண்டையும் உள்ளே வைத்துப் பார்த்து, அது என்ன ஆனது என்று படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி